காணி கேள்வி–பதில்: இறந்தவரின் சொத்துக்கு எப்படி விலை மதிப்பது?

கடந்த இரண்டு மாதங்களில் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியாப் பக்கமிருந்து வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விடயத்தைத்தான் கேட்கின்றன. வீட்டில் ஒருவர் காலமான பிறகு அவருடைய காணி, வீடு, நகை, மாடுகளுக்கு என்ன பெறுமதி போடுவது, யார் போடுவது என்பதே அது. அவற்றில் எட்டுக் கேள்விகளுக்கு, இந்த வேலையை அன்றாடம் செய்யும் சட்டத்தரணி ஒருவரும் விலைமதிப்பாளர் ஒருவரும் சேர்ந்து பதில் எழுதியிருக்கிறார்கள். கணக்குகளில் வரும் விலைகள் விளக்கத்துக்காக எடுத்தவை. உங்கள் ஊர் விலையாக அவற்றை எடுத்துக்கொள்ள வேண்டாம்.

உருத்திரபுரம் வாசகி: அப்பா பங்குனியில் காலமாகிவிட்டார். உயில் எழுதவில்லை. அம்மாவும் நாங்கள் மூன்று பேரும் இருக்கிறோம், தம்பி சுவிசில். வழக்குப் போடுவதற்கு முன் “சொத்துகளுக்கு வலுவேசன் எடுத்துக்கொண்டு வாங்கோ” என்று சட்டத்தரணி சொல்கிறார். யாரிடம் போவது, என்னென்ன கொண்டுபோவது?

இறந்தவரின் சொத்தின் மொத்தப் பெறுமதி 40 இலட்சம் ரூபாவைத் தாண்டினால் மாவட்ட நீதிமன்றத்தில் மரணசாதன வழக்குத் தொடுத்து, ஒருவர் நிர்வாகியாக நியமனம் பெற வேண்டும். உயில் இருந்தால் நிறைவேற்றுநர் அந்த உயிலை நீதிமன்றத்தில் நிரூபிக்க வேண்டும். அப்பா கடைசியாக வசித்தது கிளிநொச்சி என்பதால் கிளிநொச்சி மாவட்ட நீதிமன்றத்துக்கே போகலாம். நியமனம் பெற்றவர் சத்தியம் செய்து ஒரு மாதத்துக்குள் சொத்து விபரப் பட்டியலையும் பெறுமதியையும் நீதிமன்றத்தில் கொடுக்க வேண்டும். ஒரு மாதம் போதாது. காணி அளக்க ஆள் வர இரண்டு கிழமை, காணிப் பதிவகப் பிரதிக்கு இன்னும் சில நாட்கள் என்று காலம் ஓடிவிடும். அதனால்தான் உங்கள் சட்டத்தரணி முன்கூட்டியே கேட்கிறார். அது சரியான வேலை.

1975இல் சட்டத்தால் அமைக்கப்பட்ட இலங்கை விலைமதிப்பாளர் நிறுவகத்தில் அங்கத்துவம் உள்ள ஒருவரிடம் போங்கள். வங்கிகள் தங்கள் பட்டியலில் வைத்திருப்பவர்களும் பெரும்பாலும் இவர்கள்தான். கிராம அலுவலரின் கடிதமோ காணித் தரகர் சொல்லும் விலையோ இதற்கு உதவாது. பிரதேச சபையின் வரித் துண்டில் உள்ள தொகையைக் காட்டிப் “பெறுமதி இதுதானே” என்று கேட்பவர்களும் உண்டு. அது வரி விதிப்பதற்காகக் கணித்த வருடாந்தப் பெறுமதி. காணியின் விற்பனை விலை அல்ல. அரச விலைமதிப்புத் திணைக்களம் முக்கியமாகக் காணி சுவீகரிப்பு, முத்திரை வரி போன்ற அரச தேவைகளுக்காக மதிப்பிடுவது. குடும்பப் பங்கீட்டுக்குத் தனியார் விலைமதிப்பாளரே வழக்கம்.

கையில் கொண்டுபோக வேண்டியவை: மரணச் சான்றிதழ், ஒவ்வொரு காணியின் உறுதி, அளவைப்படம், காணிப் பதிவகத்தில் ஏடு பார்த்து எடுத்த பிரதி, கடைசி வரிப் பற்றுச்சீட்டு, வயல் என்றால் கமநல சேவை நிலையத்தின் நெற்காணிப் பதிவேட்டுப் பிரதி. உறுதிகள் இடப்பெயர்வில் தொலைந்திருந்தால் பயப்பட வேண்டாம். நொத்தாரிசின் பெயர், உறுதி இலக்கம், திகதி ஆகியவற்றில் ஏதாவது ஒன்று தெரிந்தாலே பதிவகத்தில் தேடலாம். பதிவக ஏடும் போரில் அழிந்திருந்தால் பழைய ஈட்டுப் பத்திரம், பக்கத்துக் காணிக்காரரின் உறுதியில் உங்கள் அப்பாவை எல்லைக்காரராகக் குறித்திருக்கும் வரி என்று சுற்றிவர உள்ள சான்றுகளைச் சேர்க்க வேண்டும்.

அளவைப்படம் இல்லாமல் விலைமதிப்பாளரைக் கூப்பிட வேண்டாம் என்பது எங்கள் உறுதியான கருத்து. பழைய உறுதியில் “2 ஏக்கர், சற்றுக் கூடக் குறைய” என்று இருக்கும். அளந்து பார்த்தால் 1 ஏக்கர் 3 றூட் 12 பேர்ச் வரும். ஒரு பக்கம் வாய்க்கால் தின்றிருக்கும், இன்னொரு பக்கம் வேலி நகர்ந்திருக்கும். இல்லாத 28 பேர்ச்சுக்கும் விலை போட்டு அதை மூன்றாகப் பிரித்தால், கடைசியில் பங்கு எடுப்பவருக்குத்தான் அந்த நட்டம் விழும். அனுமதிபெற்ற நில அளவையாளரிடம் புதிதாக அளந்து, துண்டு இலக்கத்துடன் படம் எடுங்கள். 1 ஏக்கர் 4 றூட், 160 பேர்ச். பரப்புக் கணக்கில் 16 பரப்பு. உறுதி பரப்பிலும் படம் பேர்ச்சிலும் இருந்தால், அறிக்கையில் இரண்டையும் எழுதச் சொல்லுங்கள்.

விலைமதிப்பாளர் வரும் நாளில் நீங்களோ அம்மாவோ காணியில் நில்லுங்கள். அவர் படத்தைக் கையில் வைத்து எல்லையைச் சுற்றி நடக்க வேண்டும், வீதி முகப்பை நாடா பிடித்து அளக்க வேண்டும், கிணற்றைப் பார்க்க வேண்டும். கிணற்றில் தண்ணீர் தைமாதத்தில் எங்கே நிற்கிறது என்பது பெரிய விடயமில்லை. ஆவணியில் எங்கே நிற்கிறது, தண்ணீர் உவரா நன்னீரா என்பதைத்தான் கேட்பார். கண்டாவளை, பூநகரிப் பக்கங்களில் இந்த ஒரு காரணமே விலையை மாற்றிவிடும். வீட்டுச் சுவரில் 2018 மார்கழி வெள்ளம் நின்ற சேற்றுக்கோடு தெரிந்தால் மறைக்க வேண்டாம். பூசி மறைத்து எடுத்த பெறுமதியை பங்காளிகளில் ஒருவர் பிறகு நீதிமன்றத்தில் கிளப்பினால் முழு அறிக்கையின் நம்பிக்கையும் போய்விடும்.

அறிக்கை கைக்கு வந்ததும் முதலில் பாருங்கள்: எதற்காக மதிப்பிட்டது, எந்தத் திகதியில் காணியைப் பார்த்தது, எந்தத் திகதிக்குரிய பெறுமதி, முழுக் காணியா பிரிபடாத பங்கா, யார் குடியிருக்கிறார்கள், காணிக்கு எவ்வளவு, கட்டடத்துக்கு எவ்வளவு. இதில் எது இல்லாவிட்டாலும் திருத்தித் தரும்படி கேளுங்கள். கட்டணத்தை முதலிலேயே எழுத்தில் பேசிக்கொள்ளுங்கள்.

“40 இலட்சத்துக்குக் கீழே காட்டினால் வழக்கே வேண்டாமே” என்று உங்களுக்கும் யாராவது சொல்லுவார்கள். கேட்காதீர்கள். பிறகு காணியை வாங்க வருபவரின் வங்கி உறுதித் தொடரைப் பார்க்கும்போது, இறந்தவரிலிருந்து பிள்ளைகளுக்குக் காணி எப்படி வந்தது என்று கேட்கும். அங்கே தடைப்பட்டால் பத்து வருடம் கழித்து அதே வழக்கை, அப்போது உயிரோடு இல்லாதவர்களின் வாரிசுகளையும் சேர்த்துக்கொண்டு போட வேண்டிவரும். இன்னொன்றும் சொல்ல வேண்டும்: இறப்புச் சொத்து வரி 1980களிலேயே நீக்கப்பட்டுவிட்டது. அந்தப் பழைய பயத்தில் பெறுமதியைக் குறைத்துக் காட்டத் தேவையே இல்லை.

வவுனியா வாசகர்: அப்பாவின் சொத்தில் அம்மாவுக்குப் பாதி என்கிறார்கள். எல்லாவற்றிலும் பாதியா? இதற்கும் விலை மதிப்பதற்கும் என்ன தொடர்பு?

நெருங்கிய தொடர்பு. குடும்பத்துக்கு யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமை பொருந்துமா, பொதுச் சட்டம் பொருந்துமா என்பதை முதலில் சட்டத்தரணியிடம் தீர்த்துக்கொள்ளுங்கள். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பங்களுக்கும் 1958, 1977, 1983 கலவரங்களுக்குப் பின் மலையகத்திலிருந்து வன்னிக்கு வந்த குடும்பங்களுக்கும் விடை ஒன்றாக இருக்காது. ஒரே ஒழுங்கையில் அடுத்தடுத்த வீடுகளுக்கு இரண்டு சட்டம் பொருந்தலாம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். அப்பாவின் பெயரில், கலியாணத்துக்குப் பின் உழைத்து வாங்கிய வீடும் வளவும் 80 இலட்சம், வங்கியில் 10 இலட்சம், வீட்டுக் கடன் 6 இலட்சம். பேரனார் வழியாக வந்த வயல் 60 இலட்சம். அம்மாவும் மூன்று பிள்ளைகளும்.

தேசவழமையில் வீடு, வங்கிப் பணம் இரண்டும் தேடியதேட்டம், வயல் முதுசம். தேடியதேட்டம் 90, கடன் கழித்து 84 இலட்சம். அதில் பாதி, 42 இலட்சம் அம்மாவுக்கு. மற்ற 42உம் முதுச வயல் 60உம் சேர்ந்து 102 இலட்சம் பிள்ளைகளுக்கு, தலைக்கு 34. முதுசத்தில் அம்மாவுக்குப் பங்கில்லை. பொதுச் சட்டத்தில் எல்லாவற்றையும் கூட்டிக் கடன் கழிக்க 144 இலட்சம். பாதி, அதாவது 72 இலட்சம் அம்மாவுக்கு, பிள்ளைகளுக்குத் தலைக்கு 24.

அம்மாவின் பங்கு 42ஆ 72ஆ என்பது விலைமதிப்பாளர் போட்ட இலக்கத்தால் மாறவில்லை, பொருந்தும் சட்டத்தாலும் சொத்தின் வகையாலும் மாறுகிறது. ஆகவே மொத்தமாக “வீடும் வயலும் 140 இலட்சம்” என்று ஒரு தொகை எழுதிய அறிக்கை உங்களுக்கு எதற்கும் பயன்படாது. முதுசம், தேடியதேட்டம், அம்மாவின் சீதனம் என்று மூன்றாகப் பட்டியல் எழுதி, ஒவ்வொன்றுக்கும் உறுதியைப் பின்னால் வைத்து, ஒவ்வொரு காணிக்கும் தனித்தனிப் பெறுமதி கேளுங்கள். அம்மாவின் சீதனக் காணி அப்பாவின் பட்டியலில் வரவே கூடாது. அப்பா ஐம்பது வருடம் அதில் தோட்டம் செய்திருந்தாலும் அது அம்மாவுடையதுதான். முதுச வயலை விற்ற காசில் வாங்கிய வளவு தேடியதேட்டமா என்பது கடினமான கேள்வி. விற்ற உறுதியின் திகதியையும் வாங்கிய உறுதியின் திகதியையும் பக்கத்தில் வைத்துச் சட்டத்தரணியிடம் காட்டுங்கள்.

கனகராயன்குளம் வாசகர்: ஏ9 வீதியில் எங்களுக்கு 2 ஏக்கர் இருக்கிறது. அண்ணன் கொண்டுவந்த ஆள் 3 கோடிக்கு மேல் போட்டிருக்கிறார். நான் கொண்டுவந்தவர் 1 கோடி சொச்சம். யார் சொல்வது உண்மை?

அறிக்கைகளைப் பார்க்காமல் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் இவ்வளவு இடைவெளி வருவதற்கு நாங்கள் அடிக்கடி காணும் காரணம் ஒன்று உண்டு. வீதியோரத்தில் 10 பேர்ச் துண்டு ஒன்று பேர்ச் 1 இலட்சத்துக்கு விற்றிருக்கும். அந்த விலையை 320ஆல் பெருக்கினால் 3 கோடி 20 இலட்சம். உங்கள் அண்ணனின் அறிக்கை இப்படித்தான் வந்திருக்குமென்று நினைக்கிறோம்.

காணியின் வடிவத்தைப் பாருங்கள். வீதி முகப்பு 132 அடி, உள்ளே நீளம் 660 அடி என்று வைப்போம், அது சரியாக 2 ஏக்கர். கடை கட்டக்கூடிய முதல் 100 அடி ஆழம் 48.5 பேர்ச், அதற்கு 1 இலட்சப்படி 48.5 இலட்சம். அடுத்த 200 அடி 97 பேர்ச், வீடு கட்டலாம் என்றாலும் முகப்பில்லை, 40,000 படி 38.8 இலட்சம். பின்பக்கம் 360 அடி 174.5 பேர்ச், தோட்டக்காணி விலையில் 10,000 படி 17.45 இலட்சம். கூட்டினால் 104.75 இலட்சம். உங்கள் ஆள் சொன்ன “1 கோடி சொச்சம்” இந்த வழியில் வந்திருக்கலாம்.

“துண்டு போட்டு விற்றால் எல்லாமே நல்ல விலைக்குப் போகுமே” என்று அண்ணன் கேட்பார். போகலாம். ஆனால் உள்வீதிக்கு நிலம் போகும், அளவைச் செலவு, மண் நிரப்பும் செலவு போகும், கடைசித் துண்டு விற்க வருடங்கள் செல்லும். இன்று மொத்தமாக வாங்குபவர் அதையெல்லாம் கழித்துத்தான் விலை சொல்லுவார்.

இதைவிட இன்னும் சிலவற்றையும் இரு அறிக்கைகளிலும் தேடிப் பாருங்கள். ஒப்பிட்ட காணிகள் எவை? விற்ற விலையா, கேட்கும் விலையா? பலகை போட்டுக் கேட்கும் விலை சான்றாகாது. உறுதியில் எழுதிய விலையும் முழுச் சான்றாகாது, முத்திரை வரிக்காகக் குறைத்து எழுதும் பழக்கம் எங்கும் இருக்கிறது. நல்ல விலைமதிப்பாளர் குறைந்தது மூன்று விற்பனைகளை எடுத்து, திகதி, தூரம், வீதி, தண்ணீர் என்று ஒவ்வொன்றிலும் உங்கள் காணியோடு எவ்வளவு வித்தியாசம் என்று எழுதியிருப்பார். வீதி ஒதுக்குக்குப் போகக்கூடிய கீலத்தைக் கழித்தாரா? நெற்காணிப் பதிவேட்டில் உள்ள வயலைக் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் அனுமதியில்லாமல் நிரப்ப முடியாது. அதை வீட்டுத்துண்டு விலையில் போட்டிருந்தால் அடிப்படையே பிழை. குளத்து வயல் என்றால் சிறுபோகத்துக்குப் பங்குத் தண்ணீர் எத்தனை வருடம் கிடைத்தது என்று எழுதியிருக்க வேண்டும். குத்தகைக்குச் செய்பவரின் பெயர் பதிவேட்டில் இருந்தால் அவருடைய உரிமையோடு சேர்த்துத்தான் காணியை வாங்க முடியும், விலை இறங்கும்.

வன இலாகாக் கல்லையும் தேடுங்கள். உறுதிக்காணிக்குள்ளேயே எல்லைக்கல் நாட்டியிருப்பது வன்னியில் புதுமையில்லை. பின் எல்லையில் பற்றைக்குள் ஒரு கல் இருந்தால், அதன் படத்தை எடுத்துக்கொண்டு பிரதேச செயலகத்தில் கேட்டுத் தெளிவாக்காமல் எந்தப் பெறுமதியும் நிற்காது.

இரண்டு தொகையையும் கூட்டி இரண்டால் பிரிப்பதை நாங்கள் ஏற்கவில்லை. பிழையான தொகையோடு சரியான தொகையைக் கூட்டினால் பிழை பாதியாகுமே தவிரச் சரியாகாது. அண்ணனும் நீங்களும் சேர்ந்து கையெழுத்திட்ட ஒரே கடிதத்தால் மூன்றாவது ஒருவரை நியமியுங்கள். முதல் இரண்டு அறிக்கைகளையும் அவருக்குக் கொடுங்கள், கட்டணத்தைச் சரிபாதி போடுங்கள். அதற்குப் பிறகும் ஒருவர் தன் பங்கை வெளியாருக்கு விற்க நினைத்தால், தேசவழமைக் குடும்பத்தில் மற்றப் பங்காளிகளுக்கு முதலில் வாங்கும் உரிமை உண்டு. நொத்தாரிசு மூலம் அறிவித்தல் கொடுக்காமல் விற்கக்கூடாது.

இரணைமடு வாசகி: எங்களுடையது குடியேற்றத் திட்டத்துப் பெர்மிற் காணி, வயலும் மேட்டுக்காணியும். அதையும் வலுவேசனில் போட வேண்டுமா?

பங்கீட்டுப் பட்டியலில் போட வேண்டாம். 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுத்த காணி உயிலால் போகாது, பிள்ளைகளுக்குச் சமபங்காகவும் பிரியாது. முதலில் வாழ்க்கைத் துணைக்கு, பிறகு இறந்தவர் நியமித்த பின்னுரித்தாளருக்கு. நியமனம் இல்லாவிட்டால் சட்டத்தின் அட்டவணை வரிசைப்படி. அந்த வரிசையில் ஆண்பிள்ளைகளுக்கு இருந்த முன்னுரிமையை 2022 திருத்தம் நீக்கிவிட்டது. எனவே “மூத்த மகனுக்குத்தான்” என்று இன்றும் யாராவது சொன்னால் நம்பி விட்டுக்கொடுக்காதீர்கள். அம்மா ஆறு மாதத்துக்குள் காணியைக் கையேற்க வேண்டும். அங்கேயே குடியிருந்தாலும் மரணச் சான்றிதழோடு பிரதேச செயலகத்தின் காணிப் பகுதிக்குப் போய் எழுத்தில் அறிவித்து, பதிவேட்டில் பின்னுரித்தாளர் யாரென்று பார்த்துக்கொள்ளுங்கள். ஜயபூமி, சுவர்ணபூமி அளிப்புப் பத்திரங்களும் இந்தச் சட்டத்துக்குள் வருபவையே. “உறுதி கிடைத்துவிட்டது” என்று நினைத்து அவற்றைத் தனியார் காணிபோல் பிரித்து எழுதிய குடும்பங்கள் பிறகு மிகவும் கஷ்டப்படுகின்றன.

புதுக்குடியிருப்பு வாசகர்: அப்பா 2009இல் இறந்தார். இப்போதுதான் பங்கு பிரிக்கப் போகிறோம். அன்றைய விலையா, இன்றைய விலையா? தங்கச்சி 2013இல் அந்த வளவில் இந்திய வீட்டுத்திட்ட வீடு கட்டிக் குடியிருக்கிறா.

ஒரு பெறுமதி போதாது. ஒரே பயணத்தில் மூன்று எடுங்கள்.

முதலாவது, அப்பா இறந்த நாளுக்குரியது. நீதிமன்றச் சொத்து விபரப் பட்டியலுக்கு அதுதான் அடிப்படை. 2009இல் அந்தப் பகுதியில் வாங்கல் விற்றலே நடக்காததால் நேரடி ஒப்பீடு கிடைக்காது. முன்பின் வருடங்களின் உறுதிகளை வைத்து, எப்படி அந்தத் தொகைக்கு வந்தார் என்று விலைமதிப்பாளர் விளக்கி எழுத வேண்டும். இரண்டாவது, இன்றையது. ஒருவர் காணியை எடுத்து மற்றவர்களுக்குக் காசு கொடுப்பதென்றால் இன்றைய விலையில்தான் கொடுக்க வேண்டும். 2009 விலையில் காசு வாங்கியவர் ஏமாந்தவர். மூன்றாவது, 2017 செப்ரெம்பர் 30ஆம் திகதிக்குரியது. அன்று உங்கள் கையில் இருந்த காணியைப் பிறகு விற்கும்போது மூலதன இலாப வரியை அந்த நாளின் சந்தைப் பெறுமதியிலிருந்துதான் கணக்கிடுவார்கள். விற்கும் எண்ணம் இன்று இல்லாவிட்டாலும் எடுத்து வையுங்கள். பிறகு தனியே எடுப்பதென்றால் இன்னொரு கட்டணம்.

தங்கச்சியின் வீட்டைக் காணியிலிருந்து பிரித்து மதிப்பிடச் சொல்லுங்கள். திட்டத்தில் கிடைத்த 5 இலட்சத்து 50 ஆயிரம் ரூபாவை வீட்டின் பெறுமதியாக எழுதக்கூடாது. 550 சதுர அடி வீட்டுக்கு அன்று கொடுத்த உதவி அது. அதற்கு மேல் அவர் போட்ட காசும் உழைப்பும் பிறகு இறக்கிய குசினியும் இருக்கும். வழக்கமான முறை இதுதான்: 900 சதுர அடி வீட்டை இன்று புதிதாகக் கட்டச் சதுர அடிக்கு 10,000 ரூபா என்றால் 90 இலட்சம். கட்டடத்தின் ஆயுள் 60 வருடம், வயது 15 என்றால் கால்வாசி கழித்து 67.5 இலட்சம். வெடிப்பு, கூரை ஒழுக்கு, கறையான் தின்ற சிலாகை இருந்தால் அதற்கு மேலும் கழிவு.

அந்த வீடு தங்கச்சியின் காசில் கட்டியது என்று எல்லோரும் ஒத்துக்கொண்டால் அதை எழுத்தில் வைத்து, காணியை மட்டும் பங்கிடுங்கள். ஒத்துக்கொள்ளாமல் 1977ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கப் பாகப்பிரிவினைச் சட்டத்தின் கீழ் வழக்குக்குப் போனால், நீதிமன்ற ஆணையாளர் காணியை அளந்து, யார் எந்தக் கட்டடத்தைத் தன்னுடையது என்கிறார் என்பதையும் குறிப்பார். அப்போது சீமெந்துப் பற்றுச்சீட்டும் திட்டக் கடிதமும்தான் தங்கச்சிக்குத் துணை. அவற்றைப் பத்திரப்படுத்தச் சொல்லுங்கள்.

போர்க்காலத்தில் வேறு யாராவது வளவைப் பிடித்துப் பத்து வருட ஆட்சி கொண்டாடினால், 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கக் காலவிதிப்பு விசேட ஏற்பாடுகள் சட்டத்தைச் சட்டத்தரணிக்கு நினைவூட்டுங்கள். 1983 மே 1 முதல் 2009 மே 18 வரை போரால் தன் உரிமையைக் காக்க முடியாமற்போனவர்களுக்காக வந்த சட்டம் அது.

கனடாவிலிருந்து ஒரு வாசகர்: அப்பா எனக்கு அற்றோணித் தத்துவம் தந்திருந்தார். அதை வைத்துக் கிளிநொச்சிக் காணியை மதிப்பிட்டு விற்கலாமா? மூன்று வருடத்துக்கு முன் வங்கிக் கடனுக்கு எடுத்த மதிப்பீடும் இருக்கிறது.

முடியாது. தத்துவம் கொடுத்தவர் இறந்த அன்றே அது செத்துவிடும். அதில் இனிக் கையெழுத்திட்டால் உறுதி பழுதாகும், நீங்களும் சிக்கலில் மாட்டுவீர்கள். வாரிசு என்ற முறையில் உங்கள் சொந்தப் பங்குக்காக, ஊரில் நம்பிக்கையான ஒருவருக்குப் புதிய தத்துவம் எழுதுங்கள். வங்கி மதிப்பீடும் பயன்படாது. திகதி வேறு. அதைவிட, வங்கிக்கு எழுதும் அறிக்கையில் அவசர விற்பனைப் பெறுமதி என்று ஒரு குறைந்த தொகையும் இருக்கும், கடன் அறவிட வேண்டி வந்தால் என்ற கணக்கு அது. அந்தத் தொகையை வைத்துப் பங்கு விலை பேசுபவர்கள் இருக்கிறார்கள், கவனம்.

முல்லைத்தீவு வாசகி: கணவர் 2009இலிருந்து இல்லை. மரணச் சான்றிதழ் எடுக்க மனம் வரவில்லை. காணி அவருடைய பெயரில். என்ன செய்யலாம்?

எடுக்கச் சொல்லி உங்களை வற்புறுத்த எவருக்கும் உரிமையில்லை அம்மா. 2010ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம் 2016இல் திருத்தப்பட்டதிலிருந்து, காணாமற்போனவர் இல்லாதிருப்பதை உறுதிப்படுத்தும் சான்றிதழை மரணச் சான்றிதழுக்குப் பதிலாகப் பெறலாம். அதை வைத்து மாவட்ட நீதிமன்றத்தின் மூலம் சொத்தைத் தற்காலிகமாகப் பராமரிக்க வழியுண்டு. பங்கு பிரிக்கவோ விற்கவோ அது போதாது. ஆகவே இப்போது உங்களுக்கு விலை மதிப்பு வேண்டியதில்லை. அளவைப்படமும், எல்லை வேலியின் இன்றைய படங்களும், பதிவகப் பிரதியும் எடுத்து வையுங்கள். வேலியைத் திருத்துங்கள், வரியைக் கணவரின் பெயரிலேயே கட்டி வாருங்கள். அந்தச் சீட்டுகள் பிள்ளைகளுக்கு உதவும்.

துணுக்காய் வாசகர்: காணி முடிந்தது. அப்பாவின் பட்டி மாடு, லீசிங்கில் உள்ள உழவு இயந்திரம், அடகில் உள்ள நகை? இவற்றுக்கும் விலைமதிப்பாளரா?

இவற்றுக்கு அவர் தேவையில்லை, ஆனால் பட்டியலில் இவை இருக்க வேண்டும்.

உழவு இயந்திரம்: பதிவுப் புத்தகத்தில் உரிமையாளர் லீசிங் கொம்பனி. அப்பா இறந்த நாளில் மீதமிருந்த தொகையை எழுத்தில் எடுங்கள். இன்றைய விலையிலிருந்து அதைக் கழித்ததுதான் பட்டியலுக்கு வரும். கலப்பை, பெட்டி, தண்ணீர் பம்பு எல்லாம் தனி வரிகள்.

நகை: 1 பவுண் 8 கிராம். கல் நிறையைக் கழித்து, எத்தனை கரட் என்று பார்த்து, இறந்த நாளின் பவுண் விலையில் போடுங்கள். செய்கூலி சேர்க்க வேண்டாம். அடகு நகைக்கு அன்றுவரையான முதலும் வட்டியும் கழியும். ஏல அறிவித்தல் வரும் முன் வட்டியைக் கட்டிவிடுங்கள், பங்கு பேசி முடியும்வரை அடகுக்கடை காத்திருக்காது. அம்மாவின் தாலிக்கொடியும் சீதன நகையும் அம்மாவுடையவை.

மாடுகள்தான் பிரச்சினை. காலபோகத்தில் அவை வயலுக்கு எட்டாத மேய்ச்சலில் நிற்கும், எண்ணிக்கை ஒருநாளும் சரிவராது. அரிவு வெட்டு முடிந்து தாளடியில் மேய்ந்து பட்டிக்கு வரும் மாசி, பங்குனியில், பின்னேரம் பட்டி வாயிலில் நின்று எண்ணுங்கள். பங்காளிகள் எல்லோரும், அல்லது ஒவ்வொருவர் சார்பிலும் ஒருவர் நிற்க வேண்டும். கறவை, சினைப்பசு, கிடாரி, நாம்பன், கன்று என்று தனித்தனி நிரலில் எழுதுங்கள், ஒரே தலைவிலை போட்டால் கறவைகளை எடுப்பவருக்கு இலாபம், நாம்பன்களை எடுப்பவருக்கு நட்டம். குறியைப் பாருங்கள். அப்பாவின் குறி இல்லாத மாடு பட்டியில் நின்றாலும் அவருடையது என்று எழுத வேண்டாம். மேய்ப்பவருக்குக் கூலியாகக் கன்று கொடுப்பதென்று பேச்சிருந்தால் அவருடைய கன்றுகளை முதலில் பிரித்துவிட்டு, மிச்சத்தை எண்ணி, அந்தத் தாளில் அவரிடமும் கையெழுத்து வாங்குங்கள்.